அதிபர் என்றால் யார் முகம்? அமெரிக்க இளையோரின் தேர்வில் இனமும் பாலினமும்

அமெரிக்காவில் ஒரு பெண்ணோ கறுப்பினத்தவரோ ஏன் இதுவரை அதிபராகவில்லை என்ற கேள்வியை, பராக் ஒபாமா தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பே, டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் அவருடைய குழுவினரும் ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளிடம் கேட்டனர். அதிபர்கள் அனைவரும் வெள்ளையின ஆண்களாகவே இருந்துள்ளனர் என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் அறிந்திருந்தனர். ஆனால் அதற்கு அவர்கள் கூறிய காரணங்கள் பலவகையாக இருந்தன. ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாக்காளர்களின் பாரபட்சமே காரணம் என்றனர். அதே அளவினர் அந்தப் பிரிவினருக்குத் திறமை போதாது என்றனர். நால்வரில் ஒருவரோ, பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் அதிபராவதைச் சட்டமே தடுக்கிறது என்று நம்பினர்.

2008இல் வெளியான இந்த ஆய்வில், சட்டம் பற்றிய பதிலே மிகவும் கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் அப்படியொரு சட்டத்தைக் கற்றுத்தந்திருக்க வாய்ப்பில்லை. வகுப்பறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்க்கும் குழந்தை, ஒரே மாதிரியான முகங்கள் தொடர்வதற்கு ஏதோ ஒரு விதி இருக்க வேண்டும் என்று தானாகவே ஊகித்துக்கொள்கிறது. இருப்பதைக் கண்டு, அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது குழந்தை மனத்தின் இயல்பான வேலை. இனமும் பாலினமும் வேட்பாளர்களைப் பற்றிய பார்வையை வடிவமைக்கத் தொடங்குவது இந்த ஊகத்திலிருந்துதான். வெறுப்பு என்று நாம் பெயரிடக்கூடிய உணர்ச்சி அந்தக் கட்டத்தில் இருந்தாக வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்த மனப்பதிவு எப்படி வலுப்படுகிறது என்பதை, அமெரிக்காவில் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 1,600க்கும் மேற்பட்டோரிடம் 2017, 2018 ஆண்டுகளில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு காட்டியது. அரசியல் தலைவர் ஒருவரை வரையுமாறு குழந்தைகளிடம் கேட்டபோது, ஆண் குழந்தைகள் எந்த வயதிலும் பெரும்பாலும் ஆணையே வரைந்தனர். ஆறு வயதுப் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் மட்டுமே ஆணை வரைந்திருக்க, பன்னிரண்டு வயதுச் சிறுமியரில் அந்த அளவு ஏறத்தாழ முக்கால் பங்காக உயர்ந்திருந்தது. அதாவது, உலகைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளும்தோறும், அரசியல் தமக்குரிய இடமன்று என்பதையும் சிறுமியர் சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர். இதற்கு எதிர்த்திசையிலான சான்றும் உண்டு. டேவிட் கேம்ப்பெல், கிறிஸ்டினா வோல்பிரெக்ட் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள், பெண் வேட்பாளர்கள் செய்திகளில் அதிகம் தென்படும் காலங்களில் பதின்ம வயதுப் பெண்களின் அரசியல் ஆர்வம் உயர்வதைக் கண்டனர். அந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் வேட்பாளரின் முகத்தைத் திரையில் பார்ப்பது மட்டுமன்று. அவரைப் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சு.

வளர்ந்தவர்களின் மனத்தில் இந்த மனப்பதிவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளப்பது கடினம். தகுதியுள்ள பெண்ணை அதிபராகத் தேர்ந்தெடுப்பீர்களா என்று கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் 1937இல் கேட்டபோது 33 விழுக்காட்டினர் மட்டுமே ஆம் என்றனர். 2020இல் அது 93 விழுக்காடு. ஆனால், இத்தகைய கேள்விக்கு எந்தப் பதில் கௌரவமானது என்பது பதில் சொல்பவருக்கும் தெரியும். இந்தத் தடையைத் தாண்டவே பட்டியல் சோதனை என்ற முறை பயன்படுகிறது. ஒரு குழுவுக்கு எரிச்சலூட்டக்கூடிய நான்கு செய்திகளைக் கொடுத்து, எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை செய்திகள் கோபமூட்டுகின்றன என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். மற்றொரு குழுவுக்கு அதே நான்குடன், ‘ஒரு பெண் அதிபராவது’ என்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள். தனிநபர் எவரும் தம்மைக் காட்டிக்கொடுக்காமலேயே, இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையிலான வேறுபாடு உண்மையைச் சொல்லிவிடும். 2008இல் வெளியான அத்தகைய சோதனையொன்றில், பெண் அதிபர் என்ற எண்ணமே ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்குக் கோபத்தையோ வருத்தத்தையோ தந்தது தெரியவந்தது. பல்வேறு மக்கள் பிரிவுகளிலும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை.

இதற்கு முரணாகத் தோன்றும் முடிவும் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 67 சோதனைகளைச் சூசன் ஷ்வார்ஸும் அலெக்சாண்டர் காப்பாக்கும் தொகுத்துப் பார்த்தபோது, தாளில் எழுதிக் காட்டப்பட்ட கற்பனை வேட்பாளர்களில் பெண்களுக்கே சராசரியாக இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல் ஆதரவு கிடைத்திருந்தது. தாளில் வெல்லும் பெண் அதிபர் தேர்தலில் ஏன் தடுமாற வேண்டும்? இதற்கு ஒரு பகுதி விடையை ரெஜினா பேட்சன் 2020இல் முன்வைத்தார். சம தகுதியுள்ளவர்களாகவே காட்டப்பட்டாலும், கறுப்பினப் பெண், வெள்ளையினப் பெண், கறுப்பின ஆண் ஆகிய மூவரையும்விட வெள்ளையின ஆணுக்கே வெற்றி வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்கர்கள் கருதுகின்றனர். ‘எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் வாக்களிக்க மாட்டார்களே’ என்ற கணக்கு இது. சொல்பவர் பாரபட்சமற்றவராகவே இருக்கலாம். விளைவு மட்டும் பாரபட்சமாகவே அமைகிறது. வாக்காளர்களைக் குறை கூறிய அந்தக் குழந்தைகளின் பதிலே இங்கு வளர்ந்தவர்களின் தேர்தல் உத்தியாகத் திரும்பி வருகிறது.

இந்தக் கணக்கு கண்முன்னே உடைந்த நிகழ்வு ஒன்றும் உண்டு. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டியில், 2007இல் கறுப்பின வாக்காளர்களிடையே கூட ஹிலாரி கிளின்டன் வலுவான நிலையில் இருந்தார். வெள்ளையினத்தவர் ஒபாமாவுக்கு வாக்களிப்பார்களா என்ற ஐயம் அதற்கு ஒரு காரணம். 2008 ஜனவரி 3 அன்று, மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையினத்தவராக இருந்த அயோவா மாநிலத்தில், இளையோரின் பெரும் ஆதரவுடன் ஒபாமா வென்றார். மூன்று வாரங்கள் கழித்துத் தென் கரோலைனாவில் கறுப்பின வாக்காளர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அவருக்கு வாக்களித்தனர். அந்த இடைவெளியில் ஒபாமா மாறவில்லை. மற்றவர்களைப் பற்றிய மதிப்பீடு மாறியிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் 18 முதல் 29 வயது வரையிலானோரில் 66 விழுக்காட்டினர் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தனர். ‘இளைஞர்கள் இனத்தைக் கடந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு அப்போது பரவலாகக் கேட்டது. ஆனால் அந்தச் சராசரிக்குள் கறுப்பின இளையோரின் 95 விழுக்காடும் வெள்ளையின இளையோரின் 54 விழுக்காடும் அடங்கியிருந்தன. 2016இல் கிளின்டன் இளையோரின் பெரும்பான்மையைப் பெற்றபோதும், வெள்ளையின இளையோர் சில புள்ளிகள் வித்தியாசத்தில் டிரம்ப்பின் பக்கம் சாய்ந்தனர். ‘இளைஞர்’ என்ற ஒற்றைச் சொல் மறைக்கும் இத்தகைய பிளவுகளைக் காண்பதற்காகவே, சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேத்தி கோஹன் 2016 முதல் கறுப்பின, லத்தீன், ஆசிய இளையோரைப் போதிய எண்ணிக்கையில் சேர்த்து ‘ஜென்ஃபார்வர்ட்’ என்ற கணிப்பை நடத்தி வந்தார்.

இனத்தின் விளைவையும் பாலினத்தின் விளைவையும் தனித்தனியே அளந்து கூட்டிவிடவும் முடியாது. ஒன்று மற்றொன்றின் பொருளை மாற்றுகிறது என்பதைச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இலேயே விளக்கினார். 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஷர்லி சிஸம், கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதாலேயே தாம் அதிகப் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கூறியிருந்தார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனுக்கும் ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸுக்கும் மகளாகப் பிறந்த கமலா ஹாரிஸ் களத்தில் நின்றபோது, அவர் கறுப்பினத்தவர்தானா என்பதையே எதிர் வேட்பாளர் டிரம்ப் மேடையில் கேள்விக்குள்ளாக்கினார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான, திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அவருக்காகச் சிறப்பு வழிபாடு நடத்திக்கொண்டிருந்த அதே கோடைக்காலம் அது.

2024இன் அத்தேர்தலில், ஏபி செய்தி நிறுவனத்தின் ‘வோட்காஸ்ட்’ வாக்காளர் கணிப்பின்படி, 18 முதல் 29 வயதுப் பெண்களில் 58 விழுக்காட்டினர் ஹாரிஸையும், அதே வயது ஆண்களில் 56 விழுக்காட்டினர் டிரம்ப்பையும் ஆதரித்தனர். 2020இல் இதே வயது ஆண்களில் 56 விழுக்காட்டினர் பைடன் பக்கம் நின்றிருந்தனர். வாக்குச்சாவடி வாயிலில் எடுக்கப்பட்ட கணிப்போ, இளம் ஆண்கள் இருவருக்கும் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்ததாகக் காட்டியது. ஆகவே சாய்வின் அளவைப் பற்றி அடித்துச் சொல்வது சரியன்று. ஹாரிஸ் பெண் என்பதால் மட்டுமே இந்த இடைவெளி தோன்றியது என்பதும் நிரூபணமாகவில்லை: விலைவாசி, வேலை, கருக்கலைப்பு உரிமை ஆகியவையும் அதே ஆண்டில், அதே வாக்காளர் மனங்களில் இயங்கின.

பிரித்தறிவது கடினமானாலும், காத்திருந்து பார்க்க ஒரு காரணம் உண்டு. ஓர் அமெரிக்கரின் அரசியல் சாய்வில் பதினெட்டு வயதையொட்டி நடப்பவையே ஆழமாகப் பதிகின்றன என்றும், அவ்வயது நிகழ்வுகளின் தாக்கம் நாற்பது வயதில் நடப்பவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும் யாயிர் கிட்ஸா, ஆண்ட்ரூ கெல்மன் ஆகியோரின் கணக்கீடு கூறுகிறது. தலைவரை வரையச் சொன்னபோது பென்சில் பிடித்த குழந்தைகளில் மூத்தவர்கள் 2024இல் அந்த வயதை எட்டினர். மற்றவர்களில் பெரும்பாலோர் 2028இல் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியைப் பெறுகின்றனர்.