301-ஆவது விவசாயியின் எடை எங்கே போனது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிய, சி மொழியில் எழுதிய புரோகிராம் அங்கே வருடக்கணக்காக ஓடியது. 64 பிட் கணினிக்கு மாற்றிய மாதமே குழப்பம். பட்டியலில் முதலில் உள்ள பத்துப் பதினைந்து பேரின் கணக்கில் கிலோ கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் அவர்களுக்குப் பணம். அதனால் அன்றே உட்கார்ந்து பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம்: 600 வரிசை, 31 கட்டம். முதலில் 600 பாயிண்டர்களுக்கு (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) மாலாக் (நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன்) மூலம் இடம். பிறகு லூப்பில் ஒவ்வொரு பாயிண்டருக்கும் 31 இன்ட் (முழு எண்). முறை சரிதான். ஆனால் முதல் மாலாக்கில் பாயிண்டரின் அளவுக்குப் பதில் இன்ட்டின் அளவைக் கொடுத்திருந்தார்கள். 32 பிட்டில் இரண்டும் 4 பைட், தப்பு வெளியே தெரியவில்லை. 64 பிட்டில் பாயிண்டர் 8 பைட். தேவை 4800 பைட், கேட்டதோ 2400. அதில் 300 பாயிண்டர்தான் அடங்கும். மீதிப் பாயிண்டர்கள் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்தன. அங்கே இருந்தது முதல் விவசாயிகளின் எடை. சி தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது.

இதற்கு நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று. சைஸ்ஆஃப் (ஒன்று எத்தனை பைட் என்று சொல்வது) போடும்போது இன்ட் போன்ற வகையின் பெயரை எழுதுவதே இல்லை. எடை என்ற பாயிண்டர் என்றால் 'சைஸ்ஆஃப் *எடை' என்றுதான் எழுதுவேன். வகை எதுவானாலும் அளவு சரியாக வரும்.

இன்னொன்று, எல்லா வரிசையும் ஒரே நீளம் என்றால் இத்தனை மாலாக் எதற்கு? 'இன்ட் (*எடை)[31]' என்று அறிவித்து, 600 * சைஸ்ஆஃப் *எடை என ஒரே தடவை கேளுங்கள். 74,400 பைட்டும் ஒரே துண்டாகக் கிடைக்கும். எடை[இ][ஜே] என்றே பயன்படுத்தலாம். சி மொழியின் 1999 தரத்திலிருந்து 31 இருக்குமிடத்தில் மாறியையும் போடலாம். வாங்கிய இடத்தை விடுவிக்க ஒரே ஒரு ஃப்ரீ போதும். பாயிண்டர் பட்டியல் முறையில் அப்படி இல்லை: வரிசைகளை முதலில் விடுவித்து, பட்டியலைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வரிசைகளின் முகவரியே கையில் இருக்காது.

மாலாக் 'நல்' (இடம் கிடைக்கவில்லை என்று காட்டும் வெற்று முகவரி) திருப்புகிறதா என்று பார்ப்பதையும் விடாதீர்கள். அப்புறம், ஜிசிசி என்ற சி கம்பைலரில் அட்ரஸ் சானிடைசரை (எல்லை தாண்டி நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் வசதி) போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நான் ஓட்டியதும், 301-ஆவது பாயிண்டரை எழுதும் வரியிலேயே நிறுத்திக் காட்டியது.