பிளாக் பாந்தர்: கருஞ்சிறுத்தையா, கரும்புலியா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலைக் கரிய விலங்கொன்று கடந்து போவது கண்காணிப்புக் கேமராவில் பதிவானால், அதற்கு உடனே மூன்று பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. பிளாக் பாந்தர், கருஞ்சிறுத்தை, கரும்புலி. மூன்றும் ஒன்றல்ல.

'பாந்தர்' கிரேக்கத்தின் 'பந்தேர்' என்ற சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பான்' என்றால் எல்லாம், 'தேர்' என்றால் விலங்கு என்று பிரித்துப் பொருள் சொல்வது பின்னாளில் கற்பித்த விளக்கம். கிரேக்கர்கள் கீழைமொழி ஒன்றிலிருந்து இதைக் கடன் வாங்கியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. புலியைக் குறிக்கும் வடமொழிப் 'புண்டரீக'த்தோடு இணைத்துப் பார்ப்போரும் உண்டு. சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை ஐந்தும் அடங்கிய பேரினத்துக்கு விலங்கியலார் சூட்டிய பெயரும் 'பந்தேரா'தான்.

தொல்லை என்னவென்றால், இந்தப் பெயர் இடத்துக்கு இடம் விலங்கை மாற்றிக்கொள்கிறது. இந்தியாவில் பாந்தர் என்றால் சிறுத்தை. அமெரிக்காவின் புளோரிடாவில் அது பூமா என்ற வேறொரு பெரும்பூனை. 'பிளாக் பாந்தர்' என்று தனி விலங்கினம் எதுவும் கிடையாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது கருமை மிகுந்த சிறுத்தை. தென் அமெரிக்காவில் கருமை மிகுந்த ஜாகுவார். சிறுத்தையில் இந்தக் கருமை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் பண்பு என்பதால், புள்ளியுள்ள தாய்க்கும் தந்தைக்கும் கரிய குட்டி பிறக்கலாம். ஜாகுவாரில் அதுவே ஓங்கு பண்பு, ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கரிய பூமாவோ இதுவரை எங்கும் உறுதிப்படவில்லை. வட அமெரிக்காவில் 'பிளாக் பாந்தர் பார்த்தேன்' என்ற பேச்சு மட்டும் ஓய்ந்தபாடில்லை.

தமிழில் நமக்குக் குறையில்லை. கருமையும் சிறுத்தையும் சேர்ந்து 'கருஞ்சிறுத்தை' ஆகிறது; கருஞ்சிவப்பு போன்ற புணர்ச்சிதான். சிறுத்தை என்பது 'சிறு' என்ற அடியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பெயர். கன்னடத்தில் சிரதெ, தெலுங்கில் சிறுத என்று உறவுச் சொற்களும் இருக்கின்றன. இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது 'கரும்புலி' என்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனெனில் அந்தப் பெயருக்கு உரிய விலங்கு வேறு இருக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து, உடல் பெரும்பாலும் கறுத்துத் தெரியும் புலிகள் வாழ்கின்றன. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே இதற்குக் காரணம் என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்தார்கள். கரும்புலி என்ற சொல்லை அவற்றுக்கே விட்டுவைக்க வேண்டும்.

பெயர் சரியாக இருந்தாலும் கண் ஏமாறும். வேங்கைப்பூ உதிர்ந்த பாறை காட்டில் புலிக்குட்டியாகத் தோன்றும் என்று நிலவைப் பார்த்துச் சொல்கிறது குறுந்தொகையின் 47ஆம் பாட்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் போட்மின் மூர்ப் பகுதியில் கரிய பெரும்பூனை திரிவதாகப் பலர் சொன்னதை அந்நாட்டு வேளாண் அமைச்சகம் 1995இல் விசாரித்தது. உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதையடுத்து ஃபோவே ஆற்றில் ஒரு மண்டையோடு கிடைத்தது. சிறுத்தையின் மண்டையோடுதான், ஐயமில்லை. ஆனால் அதனுள் வெப்பமண்டலக் கரப்பான் இனத்தின் முட்டைக்கூடு இருந்தது. தோல்விரிப்பு ஒன்றின் தலைப்பகுதியாக வெளிநாட்டிலிருந்து வந்த எலும்பு அது என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தெளிவாக்கியது.

பெரும்பாலும் ஏமாற்றுவது அளவுதான். பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாத புல்வெளியில் கறுப்பு வீட்டுப்பூனைகூடப் பெரிதாகத் தெரியும். சிறுத்தையின் தோள் இரண்டடி உயரத்தை ஒட்டி இருக்கும். வீட்டுப்பூனை ஓரடியைத் தாண்டாது. ஆகவே விலங்கு கடந்த வேலிக்கம்பத்தையோ வாசற்படியையோ பிறகு அளந்து பார்ப்பது, மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிடப் பயன் தரும். காலடியில் நகத்தடம் இருந்தால் பெரும்பாலும் நாய். பூனையினம் நகத்தை உள்ளிழுத்து நடக்கும், அதன் குதிமெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடல்கள் தெரியும்.

அடையாளம் காண உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. கருஞ்சிறுத்தையின் புள்ளிகள் அழிந்துவிடுவதில்லை, கருமைக்குள் மறைந்திருக்கின்றன. பக்கவாட்டில் வெயில் பட்டால் பூவிதழ் போன்ற வளையங்கள் தெரியும். மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கரியவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாமல் திணறிய ஆய்வாளர்கள், இருட்டில் மட்டும் அகச்சிவப்புக்கு மாறும் தானியங்கிக் கேமராக்களின் வெளிச்ச உணரியை மறைத்துப் பகலிலும் அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கச் செய்தார்கள். புள்ளிகள் பளிச்சென்று வந்தன. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: இரவுக் கேமராவில் புள்ளியோடு தெரியும் சிறுத்தை பகலில் கருஞ்சிறுத்தையாகவே இருக்கலாம்.