கியர் பவர கூட்டாது மாமா

போன வாரம் மாமா ஒரு வீடியோ ஃபார்வர்ட் பண்ணிருந்தாரு. ஒரு சின்ன மோட்டார், நடுவுல நாலஞ்சு கியர், கடைசில டைனமோ, அதுல வர்ற கரண்ட்டயே திரும்ப மோட்டாருக்குக் குடுத்து மிச்சத்துல வீடு பூரா லைட் எரியுதாம். "கியர் போட்டா பவர் கூடும்ல?"ன்னு கேட்டாரு. கூடாது. கூடுறது இழுவை, அதான் டார்க்.

ரெண்டு கியர், சின்னதுக்கு 14 பல்லு, பெருசுக்கு 42. சின்னது ஒரு சுத்து வந்தா 14 பல்லு நகரும், பெருசும் அதே 14 தான நகர முடியும், கோத்துக்கிட்டுல்ல இருக்கு, அப்ப அது மூணுல ஒரு பங்கு தான் சுத்தும். இது ஸ்கூல்லயே படிச்சது. எனக்குப் புடிச்சது அந்த ரெண்டு பல்லும் தொடுற இடம். அங்க சின்னப் பல்லு எவ்ளோ தள்ளுதோ அவ்ளோதான் பெரிய பல்லு வாங்கிக்குது, ஒரு துளி கூட எக்ஸ்ட்ரா கிடையாது. ஆனா வாங்குற இடம் அதோட மையத்துலருந்து மூணு மடங்கு தள்ளி இருக்கு பாருங்க, அங்கதான் ஜாலம். கதவ கீல் பக்கத்துல ஒரு விரலால தள்ளிப் பாத்துட்டு அப்புறம் ஓரத்துல தள்ளுங்க, அதே விரல்தான். டார்க் மூணு மடங்கு, வேகம் மூணுல ஒண்ணு, பெருக்குனா பழைய பவரே. நெசத்துல உரசல்ல கொஞ்சம் சூடா போயிரும், அதனால கம்மிதான் ஆகும். வீடியோல எங்கயோ ஒரு ஒயர் ஒளிஞ்சிருக்கு மாமா. இந்த மாதிரி மெஷினுக்குக் காசு போடுறவங்க பக்கத்து ஸ்கூல் லேபுக்கு ரெண்டு கியர் வாங்கிக் குடுத்தா புண்ணியமா போகும்.

என் 100 சிசி பைக் எஞ்சின் குடுக்குற டார்க் சுமார் 8 நியூட்டன் மீட்டர் தான், ஸ்பேனர் புடிச்சு நம்ம கையாலயே அதுக்கு மேல குடுக்கலாம். ஆனா ஃபர்ஸ்ட் கியர்ல எஞ்சின் 30 சுத்துக்கும் மேல சுத்துனாதான் சக்கரம் ஒரு சுத்து, அதனால சக்கரத்துல 200க்கு மேல வந்துருது. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவையும் டபுள்ஸ் ஏத்துறது அந்தக் கணக்குதான். அப்படியும் மூச்சு வாங்குதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லி பின்னாடி ஸ்ப்ராக்கெட்ட, அதான் செயின் ஓடுற பல்லு சக்கரத்த, 42 பல்லுலருந்து 45 ஆக்குனேன். மலைல பிக்கப் நல்லாருந்துச்சு. கீழ இறங்கி நாமக்கல் ரோட்டுல 60ல போறேன், அதே 60க்கு எஞ்சின் 7 சதவீதம் கூட சுத்துது, பின்னாடி உக்காந்திருந்தவன் கேக்குறான், "டேய், கியர் மாத்த மறந்துட்டியா?"