"ஒரு யூ.சி. மட்டும் போட்டுக் குடுங்க சார்"

செப்டம்பர் மாதம் ஆடிட்டர் ஆபீசில் போன் அடித்தாலே எடுக்கப் பயமாக இருக்கும். அறக்கட்டளைகளின் தணிக்கை அறிக்கைக்கு 30-ஆம் தேதிதான் கெடு. போன வாரம் அப்படி ஒரு போன், ஒரு அறக்கட்டளை நடத்தும் மேடத்திடமிருந்து. "சார், ஆடிட் மெதுவா பாத்துக்கலாம். அவசரமா ஒரு யூ.சி. மட்டும் போட்டுக் குடுங்க. கம்பெனில தினமும் கேக்குறாங்க."

யூ.சி. என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ். பள்ளிக் கழிப்பறை கட்ட ஒரு கம்பெனி கொடுத்த சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கழிப்பறைக்குத்தான் செலவானது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்புக்கைப் புரட்டினால் பாதிப் பணம் தையல் யூனிட் சம்பளத்துக்குப் போயிருக்கிறது. "சும்மா சுத்துக்கு எடுத்தோம் சார், வந்ததும் வெச்சிருவோம்" என்கிறார்கள். எங்கிருந்து வரும்?

இந்த வருடத்தில் இது நான்காவது கேஸ். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேடம் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறக்கட்டளையிலிருந்து ஒரு பைசா வீட்டுக்குக் கொண்டுபோனவரில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’யைத் தொடங்கியது. அந்த வேகத்தில் ஊரில் உள்ள பெண்களைச் சேர்த்துத் துணிப்பை தைக்க ஆரம்பித்தார். கூடவே ஒரு பயிற்சி மானியமும் கிடைத்தது. பெண்களுக்கான மாதத் தொகை அதிலிருந்தே போனது.

அவருடைய விலைக் கணக்கு ஒரு பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. துணி 22 ரூபாய், நூலும் கைப்பிடிப் பட்டையும் 2, அச்சு 4. ஆக 28. விற்பது 35. "பைக்கு 7 ரூபாய் நிக்குது சார்!"

தையல் கூலி 12 ரூபாய் எங்கே? மானியம் கொடுக்கிறதாம். கட்டிங் மாஸ்டர் சம்பளம், வாடகை, கரண்ட், மெஷின் சர்வீஸ் எல்லாம் பைக்கு 6 ரூபாய் வருமே, அது? அதுவும் ஏதோ ஒரு திட்டத்தின் தலையில். உண்மையில் அந்தப் பையின் அடக்கவிலை 46. மானியம் நின்ற மாதத்திலிருந்து ஒவ்வொரு பைக்கும் 11 ரூபாய் கைநஷ்டம். இந்த நிலையில் 10,000 பைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்து, கேக் வெட்டியிருக்கிறார்கள். 1,10,000 ரூபாய் நஷ்டத்துக்குக் கேக்!

"விலையை ஏத்தலாமே" என்றேன். உடனே வந்தது நான் இருபது வருடமாகக் கேட்டுச் சலித்த பதில்: "நாங்க லாப நோக்கமில்லாத அமைப்பு சார். லாபம் பாக்கக் கூடாதே."

இதைத் தயவுசெய்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். லாபம் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வந்த லாபத்தைப் பங்கு பிரிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான நிறுவனம் லாபம் ஈட்டலாம், உறுப்பினருக்கு டிவிடெண்ட் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். அறக்கட்டளையிலும் மிஞ்சும் பணம் டிரஸ்டியின் வீட்டுக்குப் போகக் கூடாது, நோக்கத்துக்குத்தான் போக வேண்டும். உபரி வந்தால் குற்றம் என்பது நீங்களாகக் கட்டிக்கொண்ட கதை.

மதுரைக்காரன் என்பதால் சொல்கிறேன். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுத்துப் பார்ப்பவர்களிடம் வரும் உபரிதான் காசில்லாதவர்களின் அறுவை சிகிச்சைக்குப் போனது. 1992-இல் அவர்களுடைய தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் வந்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே குறைந்த விலைக்குச் செய்தது. லாபம் பாவம் என்று அன்றைக்கு நினைத்திருந்தால் அந்தப் 11 படுக்கை இன்றும் 11-ஆகவே இருந்திருக்கும், அல்லது அதுவும் இருந்திருக்காது.

இந்த மூடநம்பிக்கைக்கு ஒரு தங்கை உண்டு. மார்ச் 31-க்குள் எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட வேண்டும் என்பது. அவசர அவசரமாக லேப்டாப் வாங்குகிறார்கள், பயிலரங்கம் நடத்துகிறார்கள். வருமான வரிச் சட்டம் செலவழிக்கச் சொல்வது வருமானத்தில் 85 சதவீதம். மீதி 15 சதவீதத்தை இன்னதற்கு என்று காரணம் சொல்லாமலே ஒதுக்கி வைக்கலாம். கூடுதலாகச் சேமிக்க வேண்டுமானால், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, காலத்தோடு படிவம் கொடுத்து, ஐந்து வருடம் வரை வைத்திருக்கலாம். வருடா வருடம் அந்த 15 சதவீதத்தை எடுத்து வைத்திருந்தால் மேடத்துக்குக் கழிப்பறைப் பணத்தில் கைவைக்கும் நிலை வந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அறக்கட்டளை ‘பொது நலன்’ என்ற வகையில் பதிவாகியிருந்தால் வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விற்பனை வளர்கிறது என்றால் வருட நடுவிலேயே ஆடிட்டரிடம் வாருங்கள். செப்டம்பர் 28-ஆம் தேதி வந்தால் நான் என்ன மந்திரமா போடுவேன்?

சிஎஸ்ஆர் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான், ரூல் இருக்கு" என்று களத்தில் வேலை செய்யும் அமைப்பின் கழுத்தில் கத்தி வைக்கிறீர்களே, அந்த 5 சதவீத வரம்பு உங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவுக்கு. அவர்களுக்கு இல்லை. கணக்கரின் சம்பளத்தைக் கொடுக்காமல் கணக்கு மட்டும் சுத்தமாக வேண்டும் என்றால் எப்படி?

அமைப்பு நடத்துகிறவர்கள் உடனே செய்ய வேண்டியவை. ஒவ்வொரு திட்டப் பணத்துக்கும் தனி லெட்ஜர் போடுங்கள், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. வசூலித்த ஜிஎஸ்டியும் பிடித்த பி.எஃப்.பும் உங்கள் பணம் இல்லை, அதைத் தொடாதீர்கள். மானியம் நாளை நின்றால் இந்தப் பொருள் என்ன விலைக்குப் போக வேண்டும் என்று இன்றே எழுதிப் பாருங்கள். நீங்கள் முழுநேரம் உழைத்தால் நியாயமான சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டம் தடுக்கவில்லை. இலவசமாக உழைத்துவிட்டு யூனிட் லாபத்தில் ஓடுகிறது என்று நம்பாதீர்கள். வீட்டு நகையை அடகு வைத்துச் சம்பளம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் திட்ட மனசு வருவதில்லை. வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

யூ.சி.யில் நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை உள்ளபடி கம்பெனிக்கு எழுதி, பணத்தைத் திருப்பி வைக்க அவகாசம் கேட்கச் சொன்னேன். 46 ரூபாய் அடக்கத்தோடு கொஞ்சம் உபரியும் சேர்த்துப் பையின் விலையை 52 ஆக்கவும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மேடம் கேட்டார்: "பை 52 ரூபான்னா யாரு சார் வாங்குவாங்க?"

நாலு வருடத்தில் அவர் கேட்ட முதல் வியாபாரக் கேள்வி. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பள்ளி நோட்டோடு.