தாளுக்குப் பின்னால் ஒரு முகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ழகரம் அவள் நாக்கில் அவ்வளவு அழகாக வரும். டர்பனில் பிறந்து, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது லேசில் வராது. ஆனால் அந்த ழகரத்தை நான் முதலில் கேட்டது, அவள் தன் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில்தான். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வாள்.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஐஸ்டெட்ஃபாட் என்ற போட்டிகள் நடக்கும். சொல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது; பேச்சு, பாட்டு, செய்யுள் ஒப்பித்தல் எல்லாம் அதில் உண்டு. அதற்குப் பெயர் கொடுக்கும் நாளில் அவளுக்கு வயிறு வலிக்கும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக வகுப்பின் முன் நின்று பேசவேண்டிய ‘ஓரல்’ நாளிலும் அதே வலி. “பொம்பளப் புள்ளைக்கு வெட்கம் இருந்தா நல்லதுதானே” என்பார் ஆயா. நானும் சில மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அவள் இப்போது ஓர் உளவியலாளரின் மேற்பார்வையில் இணையவழிப் பயிற்சி ஒன்றைச் செய்துவருகிறாள். அவளும் அம்மாவும் சம்மதித்ததால் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு போன் திரை ஒரு பிள்ளையின் சபைக் கூச்சத்தை எப்படிக் குறைக்கும் என்று நம்மில் பலருக்கும் சந்தேகம் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

கூச்சம் என்பது சுபாவம். புது இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், பழகினால் கரைந்துவிடும். சமூகப் பதற்றம் கரையாது. பிறர் தன்னை மதிப்பிடுவார்கள், ஏளனம் செய்வார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் நட்பையும் தின்னத் தொடங்கும். 1966-இல் பிரிட்டனில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மருத்துவர்கள் பலவகை அச்சங்களும் எந்த வயதில் தொடங்குகின்றன என்று பார்த்தார்கள். பிராணிகளைப் பற்றிய பயம் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. மனிதர்களின் பார்வையைப் பற்றிய பயம் வளரிளம் பருவத்தில் வருகிறது. பிற்கால ஆய்வுகளும் இது பெரும்பாலும் 13 வயதை ஒட்டியே தலைகாட்டுவதாகச் சொல்கின்றன.

ஏன் அந்த வயதில்? லியா சாமர்வில்லும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. 8 வயதிலிருந்து 22 வயது வரை உள்ளவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். “உன் வயதொத்த ஒருவர் இப்போது கேமரா வழியாக உன்னைப் பார்க்கிறார்” என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கே வளரிளம் பருவத்தினரிடம் கூச்ச உணர்வு ஏறியது. தோலில் வியர்வை கூடியது. ‘நான்’ என்ற எண்ணத்தோடு தொடர்புள்ள மூளையின் முன்பகுதி மும்முரமானது. எல்லாப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இது நேர்வதுதான். பலரைப் பொறுத்தவரை அலை வந்து போய்விடுகிறது. சிலர் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இன்றைய நல்ல பயிற்சிகள் பலவற்றின் அஸ்திவாரம் அதுதான். பதற்றமுள்ள பிள்ளை வகுப்பின் முன் நிற்கும்போது அவள் கவனம் எதிரே இருப்பவர்கள் மேல் இருப்பதில்லை. அப்படியே உள்ளே திரும்பிவிடுகிறது. கன்னம் சுடுகிறதா, குரல் நடுங்குகிறதா, கை ஆடுகிறதா என்று தன்னையே வேவு பார்க்கிறாள். கன்னம் சுட்டால், ‘என் முகம் தக்காளியாகச் சிவந்திருக்கும்’ என்று ஒரு படம் மனதில் விரிகிறது. அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நம்பிவிடுகிறாள். உணர்வைக் கொண்டு வரைந்த படம் அது. கண்ணாடியில் கண்டது இல்லை. எதிரே இருப்பவர்களின் உண்மையான முகங்களை அவள் பார்ப்பதே இல்லை என்பதால், படம் தவறு என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்தது தற்காப்புப் பழக்கங்கள். தாளால் முகத்தை மறைப்பது, மெல்லப் பேசுவது, சொல்லப்போவதை மனதுக்குள் பத்து முறை ஒத்திகை பார்ப்பது, சிவப்பு தெரியாமல் முடியை முன்னால் இழுத்துவிடுவது. இவை காப்பாற்றுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டு விதமாகக் குழி பறிக்கும். ஒன்று, விபரீதம் எதுவும் நடக்காதபோது ‘தாள் இருந்ததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பயம் அப்படியே இருக்கும். இன்னொன்று, அந்தப் பழக்கமே பிறர் கண்ணை இழுக்கும். தாளை இறுக்கிப் பிடித்தால் விரலின் சிறு நடுக்கம் தாளின் நுனியில் பெரிதாகத் தெரியும். குரலைத் தாழ்த்தினால் கடைசி பெஞ்சுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். இதை வாசித்தபோது என் வகுப்பில் நான் “சத்தமா சொல்லும்மா, கேக்கல” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். வாரம் ஒன்றிரண்டு பாடங்கள் போனிலோ கணினியிலோ திறக்கும். ஆறுதல் வார்த்தைகளும் மூச்சுப் பயிற்சியும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தவை பெரும்பாலும் சோதனைகள். முதலில் பிள்ளை தன் பயத்துக்கான வரைபடத்தைத் தானே எழுதுகிறாள்: எந்த இடம், என்ன நடக்கும் என்று பயம், என்ன செய்து தப்பிக்கிறேன். பிறகு வீடியோ அழைப்பில் ஒருவருடன் இரண்டு முறை பேசுகிறாள். முதல் முறை வழக்கம்போல் தன்னைக் கண்காணித்துக்கொண்டு, தற்காப்புகளோடு. இரண்டாம் முறை அவற்றை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதில் கவனம் வைத்து. எது வேதனையாக இருந்தது, எது நன்றாகப் போனது என்று பிறகு ஒப்பிடுகிறாள். அநேகமாக எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்: காப்பாற்றுவதாக நினைத்ததுதான் அதிகம் வதைத்திருக்கிறது.

அதன்பின் வருவது வீடியோவில் தன்னையே பார்ப்பது. இதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவள் செய்யுள் சொல்வதை நான்தான் போனில் படம் எடுத்தேன். ஆனால் எடுத்தவுடன் காட்டக்கூடாது. முதலில் என்ன தெரியும் என்று அவள் முன்கூட்டி எழுதவேண்டும். முகச் சிவப்பு பத்துக்குப் பத்து, குரல் நடுக்கம் ஒன்பது, நடுவில் மறந்துபோன இடத்தில் ‘அரை நிமிஷம் முழிச்சேன்’ என்று எழுதினாள். பிறகு, அறிமுகமில்லாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டும்; அந்த நேரத்தில் எப்படி உணர்ந்தோம் என்பதைக் கலக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும். என் வகுப்பு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மறந்துபோன இடம் வந்தது. அவள் போனை வாங்கி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டு, நேரத்தை எண்ணினாள். இரண்டு விநாடி. சிவப்புக்கு மூன்று போட்டாள், நடுக்கத்துக்கு இரண்டு. “ஆன்ட்டி, இது வேற யாரோ மாதிரி இருக்கு” என்றாள், பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும்.

நான் ஆயிரம் தடவை “நல்லாத்தான் சொன்னே” என்று சொல்லியிருந்தாலும் அந்த இரண்டு விநாடிக்கு ஈடாகாது. நாம் சொல்வதை அன்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். தானே எண்ணிய எண்ணை ஒதுக்க முடியாது.

பிறர் நம்மைக் கவனிக்கும் அளவை நாம் கூட்டித்தான் மதிப்பிடுகிறோம் என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்டது. மாணவர்களுக்கு வெட்கமாக இருக்கும்படி ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட சட்டையைப் போட்டுவிட்டு, வேறு சில மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் பார்த்திருப்பார்கள் என்றார்கள் மாணவர்கள். அறையில் கேட்டால், படத்திலிருந்தது யார் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

இந்தப் பயிற்சிகள் பலன் தருகின்றனவா? இங்கிலாந்தில் எலினார் லீயும் டேவிட் கிளார்க்கும் 14 முதல் 18 வயதுக்குட்பட்ட 43 பேரிடம் 14 வார இணையவழிச் சிகிச்சையைச் சோதித்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருப்பதற்கான அடையாளங்கள் போய்விட்டன. சிகிச்சை தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 14 விழுக்காடு. மனம் மகிழும் எண்கள். ஆனால் 43 பேர் குறைவு. சும்மா காத்திருப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். அதனால் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வை நான் இன்னும் மதிக்கிறேன். 10 முதல் 17 வயது வரை 103 பேர். ஒரு பாதிக்கு இத்தகைய சோதனைகள் கொண்ட 10 வாரப் பயிற்சி. மறுபாதிக்கும் இணையத்தில்தான், சிகிச்சையாளர் துணையோடுதான், ஆனால் ஆதரவுப் பேச்சு மட்டும். சோதனைகள் செய்த குழுவே தெளிவாக முந்தியது. கனிவு மட்டும் போதவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆஸ்திரேலியாவில் சூசன் ஸ்பென்ஸ் குழுவினர் 2017-இல் கண்டது கொஞ்சம் சோர்வு தருவது. சமூகப் பதற்றத்துக்கென்றே செய்த பயிற்சியும் பொதுவான பதற்றப் பயிற்சியும் அங்கே ஏறத்தாழ ஒரே அளவில்தான் உதவின. இரண்டிலுமே முன்னேற்றம் மிதமானது. பெயரில் ‘சமூகம்’ என்று இருந்தால் மட்டும் போதாது. உள்ளே என்ன செய்யவைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு. திரையே ஒரு தாளாகிவிடலாம். கேமராவை அணைத்துவிட்டுப் பாடம் கேட்பது, பேசவேண்டியதை டைப் செய்து ஐந்து முறை திருத்தி அனுப்புவது, இவை எல்லாமே புது வேடத்தில் வரும் தற்காப்புகள். பிள்ளையை நாற்காலியிலிருந்து எழுப்பி டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) வரிசைக்கு அனுப்பாத செயலி எதையும் நான் நம்பமாட்டேன். வழிநடத்த ஆள் இல்லாத பயிற்சிகளில் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவதும் அதிகம். வாரம் ஒருமுறை “சோதனை என்ன ஆச்சு?” என்று கேட்க ஒரு குரல் வேண்டும்.

நம் ஊரில் வேறு தொல்லைகளும் சேர்கின்றன. டேட்டா விலை ஒன்று. லோட்ஷெட்டிங் காலத்தில் மின்சாரம் போனால் நெட்வொர்க்கும் சேர்ந்து படுத்துவிட்டது. ஒரே அறையில் தம்பியும் ஆயாவும் இருக்கும் வீட்டில் ‘என் பயங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல இடம் ஏது? அவள் தன் பாடங்களை அம்மாவின் காருக்குள் உட்கார்ந்துதான் செய்தாள். பாடங்களில் வரும் உதாரணங்களும் வெள்ளைக்கார நாட்டுப் பள்ளி கேன்டீன்கள், பிறந்தநாள் விருந்துகள். அவள் பயம் இருந்தது கல்யாண வீட்டில் அத்தைமார் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கும் இடத்தில். உளவியலாளர் அதைக் கேட்டறிந்து, அந்தக் கல்யாண வீட்டையே சோதனைக் கூடமாக்கினார். உடனே பேச ஆள் தேவைப்படும் பிள்ளைகளுக்கு சைல்ட்லைனின் 116 என்ற இலவச எண் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் அது எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது என் ஆசை.

போன மாதம் அவளுக்கு வந்த சோதனை, வேண்டுமென்றே தவறு செய்வது. செய்யுளின் நடுவே மூன்று விநாடி நிறுத்தவேண்டும், தாள் கூடாது, அந்த மூன்று விநாடியும் எதிரே இருப்பவர்களைப் பார்த்து, என்ன செய்கிறார்கள் என்று பிறகு எழுதவேண்டும். சிரிப்பார்கள் என்று எழுதிவைத்துவிட்டு எழுந்தாள். நிறுத்தினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். அவள் கண் ஒவ்வொரு முகமாகப் போயிற்று. பின் வரிசையில் இரண்டு பையன்கள் ஒரு சமூசாவைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் இருந்த சின்னப்பெண் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்து, அடுத்த வரியின் முதல் சொல்லை உதட்டசைவில் எடுத்துக்கொடுத்தாள்.