ரிசெஷன்: மந்தமா, பின்னடைவா?

'பொருளாதார மந்தநிலை' என்று செய்தியில் படித்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதுதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தாலும் மந்தநிலை, வளர்ச்சியே போய்ப் பொருளாதாரம் சுருங்கினாலும் மந்தநிலை. ஆங்கிலத்தில் முன்னது ஸ்லோடவுன், பின்னது ரிசெஷன். 60-ல் போன பஸ் 30-க்கு இறங்குவதும் ரிவர்ஸ் எடுப்பதும் ஒன்றா?

ரிசெஷனுக்கு வேர் லத்தீன். 'ரெ' என்றால் பின்னே, 'செதெரே' என்றால் செல்வது. கடல் உள்வாங்குகிறது என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் படம்தான். பொருளாதாரத்துக்கு இந்தச் சொல் 1930-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் 1907 நிதி நெருக்கடியை அமெரிக்கர்கள் 'பானிக்', அதாவது பீதி என்றே சொன்னார்கள்.

தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி குறைந்தால் ரிசெஷன் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்காவில் அதை முடிவு செய்வது தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் குழு ஒன்று. வேலை, வருமானம், விற்பனை என்று பலதையும் பார்த்து நிதானமாகத்தான் வாயைத் திறக்கும். 2007 டிசம்பரிலேயே ரிசெஷன் தொடங்கிவிட்டது என்று அது அறிவித்தது 2008 டிசம்பர் 1-ம் தேதி! அதற்கு மூன்று வாரம் முன்பே, நவம்பர் 10-ம் தேதி, சர்க்யூட் சிட்டி திவால் மனு கொடுத்துவிட்டது. 1949-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் தொடங்கிய பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி அது. வாங்க ஆள் கிடைக்காமல், மிச்சமிருந்த 567 கடைகளையும் 2009 மார்ச்சுக்குள் மூடினார்கள். சுமார் 34,000 பேருக்கு வேலை போனது. கடைசி நாட்களில் சரக்கோடு சேர்த்து அலமாரிகளுக்கும் விலை போட்டு விற்றார்கள்.

கையில் காசு இறுகினாலும் அரிசி வாங்காமல் இருக்க முடியாது, ஆனால் பழைய டிவி இன்னும் ஒரு வருஷம் ஓடும். அதனால் முதல் அடி இந்த மாதிரிக் கடைகளுக்கு. சரி, பழி முழுவதையும் ரிசெஷன் மேல் போட முடியாது. 2007-லேயே, சம்பளம் அதிகம் என்று அனுபவமுள்ள 3,400 விற்பனை ஊழியர்களை அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்கு ஆள் எடுத்த நிர்வாகம் அது. எந்த டிவி நல்லது என்று சொல்லத் தெரிந்தவரே கடையில் இல்லையென்றால் அங்கே எதற்குப் போக வேண்டும்?

இப்போது தமிழுக்கு வருவோம். 'மந்தம்' வடமொழி, மெதுவானது என்று பொருள். மெதுவாக நகர்வதால் சனிக்கு மந்தன் என்றே ஒரு பெயர் உண்டு. வயிறு மந்தம் என்றால் சோறு இருக்கிறது, பசி இல்லை. கடை நிறையச் சரக்கு இருந்தும் வாங்க ஆளில்லாத நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது, ஆனால் அது ஸ்லோடவுனுக்கு. தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் 'சுணக்கம்' இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தாமதமானாலே சுணங்கிப்போச்சு என்பார்கள்.

ரிசெஷனுக்கு என் ஓட்டு 'பொருளாதாரப் பின்னடைவு'. லத்தீன் வேரில் இருக்கும் 'பின்' இதிலும் அப்படியே இருக்கிறது. வெறும் பின்னடைவு என்று எழுதினால் வாக்கு எண்ணிக்கைச் செய்தி மாதிரி ஆகிவிடும், அதனால் முன்னால் வரும் 'பொருளாதார' என்பதை விட வேண்டாம். அப்புறம் ஒரு சிக்கல்: 1930-களில் உலகையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சியான கிரேட் டிப்ரஷனைப் 'பெருமந்தம்' என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம். என் கணக்குப்படி அதைப் 'பெருஞ்சரிவு' என்றுதான் மாற்ற வேண்டும்.