ஆறாவது மாடிப் பூனைக்கு எலி எங்கே கிடைக்கும்?

யாங்கோன் நகரின் பழைய பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் வீடு. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு சின்ன மணி. இந்த ஊரில் மாடி வீடுகளுக்கு இப்படி ஒரு கயிறு வழக்கம்தான். செய்தித்தாளோ, மோகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலமோ, கீழே நிற்பவர் கிளிப்பில் மாட்டிவிட்டுச் சுண்டினால் மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ளலாம். அப்பாயி அந்தக் கயிற்றில் தினமும் ஏற்றியது மீன் கழிவு. தெருமுனை மீன்காரம்மா தலை, குடல், வால் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிடுவார். எல்லாம் ஷ்வேக்கு.

ஷ்வே என்றால் பர்மியத்தில் பொன். எங்கள் செம்பட்டைப் பூனையின் பெயர் அது. வால் நுனி மடங்கியிருக்கும். இங்கே தெருப்பூனைகள் பலவற்றுக்கும் அப்படித்தான். குட்டியாகக் கூடையில் வந்தது, அதற்கப்புறம் அதன் கால் தரையில் பட்டதே இல்லை. நான் பூனைத்தீனி வாங்கிவந்த அன்றைக்கு, பொங்கிகள் என்கிற பௌத்த பிக்குகளின் மடத்தைக் காட்டி அப்பாயி கேட்டார்: "பொங்கி மடத்துல இருவது பூனை கெடக்கு. சோத்துல மீனைப் பெசஞ்சுதான் வைக்கிறாங்க. அதுங்க எல்லாம் செத்தா போச்சு?"

சரியான கேள்வி. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் போனதில், பூனையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற கதையே கிடைத்தது.

ஒரு எலியை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர். மீதியில் பாதிக்கு மேல் புரதம், அப்புறம் கொழுப்பு, எலும்பின் சுண்ணாம்புச் சத்து. மாவுச்சத்து மிகக் கொஞ்சம், எலி கடைசியாகத் தின்ற தானியம் வயிற்றில் கிடந்தால் உண்டு. ஒரு எலி சுமார் 30 கிலோ கலோரி தரும். நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை 200 முதல் 250 வரை. ஆக, எட்டு எலி. பூனை ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்யாமல் வந்து வந்து கொறித்துவிட்டுப் போவது இதனால்தான். அது எட்டு வேளைச் சாப்பாட்டுக்காரன்.

பூனையின் முன்னோர் பல லட்சம் ஆண்டுகளாக இந்த எலி, பறவை, பல்லிச் சாப்பாட்டிலேயே வாழ்ந்ததால் உடம்புக்குள் ஒன்று நடந்தது. தினமும் கடையில் அரைத்த மாவு கிடைக்கிற வீட்டில் ஆட்டுக்கல் பரணுக்குப் போய்விடும் இல்லையா, அதேபோல் சில சத்துகளைத் தானே தயாரிக்கும் திறனைப் பூனை இழந்துவிட்டது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பூனைக்கு அது முடியாது. ஈரலிலிருந்து தயாராக வர வேண்டும். வெயிலில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் அதன் தோலில் வைட்டமின் டி போதுமான அளவு உண்டாகாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பைத் தாவர எண்ணெயிலிருந்து நாம் உருவாக்கிக்கொள்வோம். பூனைக்கு அது விலங்குக் கொழுப்பாகவே கிடைக்க வேண்டும். இனிப்பின் சுவைகூடப் போய்விட்டது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். அதில் ஒன்று பூனையில் உடைந்து கிடக்கிறது என்று 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். ஷ்வே என் கையிலிருந்த கேக்கை நக்கியது இனிப்புக்காக அல்ல, அதிலிருந்த வெண்ணெய்க்காக.

இந்தப் பட்டியலில் டாரின் தனி அத்தியாயம். 1827-இல் மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. லத்தீனில் காளைக்கு டாரஸ் என்று பெயர். தசை, இதயம், விழித்திரை எல்லாவற்றிலும் இருக்கும். நம் உடம்பு, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள் சிலவற்றிலிருந்து இதைச் செய்துகொள்ளும். பூனையும் செய்யும், ஆனால் போதாது. போதாததோடு ஒரு ஊதாரித்தனமும் உண்டு. கொழுப்பைச் செரிக்கிற பித்த அமிலத்தோடு நம் உடம்பு டாரினையோ கிளைசின் என்ற அமினோ அமிலத்தையோ சேர்த்துக்கொள்ளும், கையில் எது இருக்கிறதோ அது. பூனைக்கு டாரின் மட்டும்தான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கொஞ்சம் டாரின் குடல் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

வரவு நின்றால் என்ன ஆகும்? பாலின் கேசின் புரதத்தை மட்டும் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை தேய்ந்துபோனதற்கு டாரின் குறைவே காரணம் என்று 1975-இல் தெரிந்தது. அதைவிட அதிர்ச்சி 1987-இல். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பையான் என்ற இளம் மருத்துவரும் அவரது குழுவினரும் இதயம் பலூன்போல் ஊதித் தளர்ந்துபோன பூனைகளைப் பரிசோதித்தார்கள். எல்லாவற்றின் ரத்தத்திலும் டாரின் குறைவு. இத்தனைக்கும் அவை தின்றது மீன் கழிவோ சோறோ அல்ல, கடையில் விற்ற நல்ல தீனி. டாரினைக் கொடுத்ததும் இதயம் தேறியது. அதுவரை பிழைக்காது என்று கைவிட்டிருந்த நோய் அது. அதற்கப்புறம்தான் நிறுவனங்கள் தீனியில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. உலர்தீனியில் குறைந்தது 0.1 சதவீதம், டப்பாத் தீனியில் 0.2 சதவீதம் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவு. இரண்டும் ஈரத்தைக் கழித்த கணக்கில். டப்பாவுக்கு ஏன் இரண்டு மடங்கு என்றால், டப்பாவைக் கடும் சூட்டில் வேகவைக்கும்போது உண்டாகும் சில பொருள்கள், குடலில் டாரினைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்த்துவிடுகின்றன.

சமையலறைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. டாரின் தண்ணீரில் கரையும். கோழியையோ மீனையோ வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் பெரும் பங்கு சாக்கடைக்குப் போகும். அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள்; உப்பும் வெங்காயமும் போடாதிருந்தால்.

சோறு பூனைக்கு விஷமா? இல்லை. வெந்த மாவுச்சத்தைப் பூனை ஓரளவு நன்றாகவே செரிக்கும். இடம்தான் பிரச்சினை. நாம் சோறு அதிகம் தின்றால் உடம்பு புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு மாவுச்சத்தை எரிக்கும். பூனையின் ஈரலுக்கு அந்த அடுப்பைத் தணிக்கத் தெரியாது. புரதம் வந்தாலும் வராவிட்டாலும் எரித்துக்கொண்டே இருக்கும். வராதபோது தன் தசையையே விறகாக்கும். உள்ளங்கை அளவு வயிற்றில் முக்கால் பங்கைச் சோற்றால் நிரப்பினால் புரதத்துக்கு எங்கே இடம்?

சரி, மீன்? பூனைக்கு மீன் என்றால் உயிர் என்பதில் அப்பாயியை யாரும் அசைக்க முடியாது. அதற்கும் காரணம் இருக்கிறது. இனிப்பை இழந்த நாக்கு இறைச்சிச் சுவையைப் பிடித்துக்கொண்டது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஐனோசினேட் என்ற பொருளும் சேர்ந்தால் பூனையின் நாக்கு துள்ளும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சூரை மீனில் இரண்டும் தாராளம். ஆனால் பிடிப்பது வேறு, போதுவது வேறு.

பச்சை மீனில் ஒரு வில்லங்கமும் உண்டு. கெண்டைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில், முக்கியமாகக் குடலில், தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐத் துண்டாக வெட்டிவிடும். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிப் பூனை ஒன்றுக்கு இது நேர்ந்ததைப் பார்த்தேன். வாரக்கணக்காகப் பச்சைக் குடல்தான் சாப்பாடு. ஒரு நாள் காலை அது நடந்துவந்தபோது தலை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்திருந்தது, ஏதோ தொலைத்ததைத் தேடுவதுபோல. நிமிர முயன்று சரிந்து விழுந்தது. கால்நடை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் பி1 ஊசி போட்டார். இரண்டாம் நாள் அது படிக்கட்டில் என்னை முந்திக்கொண்டு ஓடியது. மீனை வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். அன்றிலிருந்து அப்பாயியின் பை நேராக அடுப்புக்குப் போனது.

வேகவைத்தால் தீராதது வெங்காயமும் பூண்டும். மோகிங்காவின் மீதிக் குழம்பை ஊற்றும் பழக்கம் இங்கே சகஜம்; அதில் இரண்டும் அரைபட்டுக் கிடக்கும். பூனையின் ரத்தச் சிவப்பணுவை அவை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது, சேர்ந்து சேர்ந்து சோகையாக வெளிப்படும். ஙாப்பி என்ற மீன் விழுதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மீன் வாசனை போட்ட உப்பு அது.

"அப்போ கோழி நெஞ்சுக்கறி மட்டும் அவிச்சுப் போடறேன்" என்றார் அப்பாயி. அதிலும் ஓட்டை. எலியில் எலும்பும் சேர்ந்தே வருகிறது. வெறும் கறியில் பாஸ்பரஸ் மலையளவு, சுண்ணாம்புச் சத்து துளியளவு. வளரும் குட்டிக்கு மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். கால் வளையும், குதித்தாலே முறியும். வெந்த எலும்பைச் சேர்க்கலாம் என்றால் அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டுச் சமையலால் பூனையை வளர்க்க முடியாது என்றில்லை, ஆனால் அது தராசு வைத்துச் செய்ய வேண்டிய சமையல்.

ஆகக் கடைத்தீனி. எது? யாங்கோன் கடைகளில் தாய்லாந்துச் சரக்கு நிறைய. பின்பக்கம் திருப்பி முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொல். அது இருந்தால் முழுச் சாப்பாடு. 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். ஜெல்லியில் மிதக்கிற அழகான சூரைத் துண்டு டப்பாக்கள் சில இந்த ரகம்தான்.

அப்புறம் புரதக் கணக்கு. டப்பாவில் 10 சதவீதம் என்றும் உலர்தீனிப் பையில் 32 சதவீதம் என்றும் போட்டிருக்கும். பை மூன்று மடங்கு சத்து என்று நானும் நினைத்தேன். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். டப்பாவில் ஈரம் 78, மீதி 22. அந்த 22-இல் 10 புரதம், அதாவது 45 சதவீதம். பையில் ஈரம் 8, மீதி 92-இல் 32 புரதம், 35 சதவீதம்தான். டப்பா ஜெயித்துவிட்டது. முன்னே சொன்ன சங்கம் வளர்ந்த பூனைக்குக் கேட்கும் குறைந்தபட்சம், இதே கணக்கில், 26 சதவீதம்; குட்டிக்கு 30. இரண்டுமே தேறிவிடும் என்றாலும், ஒன்றோடொன்று ஒப்பிட இந்தக் கழித்தலைச் செய்தே ஆக வேண்டும்.

தண்ணீர் வெறும் கணக்குக்கு மட்டும் அல்ல. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே தண்ணீர் எடுத்துப் பழகியது, சிறுநீரைக் கெட்டியாக்கும், தாகம் சீக்கிரம் எடுக்காது. உலர்தீனி தின்னும் பூனை கிண்ணத்தில் அதிகம் குடிக்கத்தான் செய்யும், ஆனாலும் டப்பாத் தீனி தின்னும் பூனைக்குக் கிடைக்கும் மொத்தத் தண்ணீரை எட்டாது. சிறுநீர்ப்பைத் தொல்லை உள்ள பூனைகளுக்கு ஈரத்தீனியை மருத்துவர்கள் சொல்வது இதற்காக. காசு இடிக்கிறதா, உலர்தீனியே நல்லது. அதோடு ஒரு வேளை ஈரத்தீனி, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். என் கட்சி இதுதான்.

மழைக்காலத்தில் இங்கே உலர்தீனிக்கும் ஆபத்து. ஜூன், ஜூலையில் சுவரே வியர்க்கும். பெரிய பை மலிவு என்று வாங்கித் திறந்து வைத்தால் இரண்டு வாரத்தில் கொழுப்புக் காறும், பூஞ்சை பிடிக்கும். சின்னப் பையாக வாங்கி, பையோடு இறுகிய டின்னுக்குள் வைக்கிறோம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஃபிரிட்ஜை நம்பிப் பெரிய டப்பாவைத் திறப்பதும் இல்லை. ஒரு வேளைப் பாக்கெட்தான்.

தீனி மாற்றும்போது நான் செய்த தப்பு ஒன்று. பசித்தால் தானாகத் தின்னும் என்று முதல் நாளே மீனை நிறுத்தினேன். ஷ்வே ஒன்றரை நாள் தொடவில்லை. நாய்க்கு இது சரிப்படலாம், பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஆபத்து. பட்டினியில் உடம்புக் கொழுப்பு வெள்ளமாக ஈரலுக்குப் போய் அங்கேயே தேங்கிவிடும். சில நாளில் மஞ்சள் காமாலை, உயிருக்கே உலை. பழையதில் புதியதைக் கால் பங்கு கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும்.

அப்பாயியின் கேள்வி பாக்கி இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் மடத்துக்கு ஒரு காரியமாகப் போய் இருட்டியபின் திரும்பினேன். பர்மியத்தில் பூனைக்கும் மடத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, தொனிதான் வேறு. சோற்றுக் கிண்ணங்கள் படியோரம் இருந்தன, பாதி தின்று பாதி காய்ந்து. பூனைகளைக் காணோம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகைப் பக்கம் டார்ச் அடித்தேன். ஒன்றின் வாயில் பல்லி வால் துடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று மூட்டை இடுக்கில் முகத்தைப் புதைத்திருந்தது, பின்பக்கம் மட்டும் ஆடியது. சோறு அவற்றுக்கு வயிற்றை நிரப்பியது. டாரின், சுண்ணாம்பு, ஈரல் எல்லாம் இந்தக் கொட்டகையில் கிடைத்தது. அப்படியும் பிழைக்காமல் போன குட்டிகள் அப்பாயியின் இருபதில் சேராது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் ஷ்வேயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், இதுக்கு ஆறு மாடிக்கு மேல யாரு எலி கொண்டாருவா" என்றார். இப்போது கயிற்றில் பூனைத்தீனியும் ஏறுகிறது. அவித்த மீனில் ஒரு விரல் அளவு உதிர்த்து அதன்மேல் தூவுவதை மட்டும் அவர் விடவில்லை. நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு உள்ளேதான் வருகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை.